வாளியில் இருநூற்றுப் பதினான்கு

வீட்டுக்கு ஒரு பத்திரம், பக்கி வண்டிக்கு ஒன்று,
நார்த்டேல் வங்கிக் கணக்குக்கு இரண்டு.
வக்கீல் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தாள்.
கராஜ் மூலையில் கிடந்த பெயிண்ட் வாளியை
யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சுட்டு முடித்த பித்தளை உறைகள்.
முந்நூற்றெட்டு, இருவருக்கும் ஒரே அளவு.
என்னுடையவற்றின் அடியில் நீல மார்க்கரால் கோடிட்டிருந்தேன்.
குபேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மனசோடுதான்,
எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டி
வால்நட் தூளில் ஆறு மணி நேரம் சுழலவிட்டான்.
பளபளவென்று வந்தன.
கோடு போயிருந்தது.
அன்று அதற்காகச் சண்டை போட்டோம்,
வேறெதற்கோ போட்டிருக்க வேண்டிய சண்டை.

மின்வெட்டு எட்டரைக்கு முடிந்தது.
துப்பாக்கியின் போல்ட்டைப் பிரித்துச் சுருள்வில்லைக் கழற்றிவிட்டு
ஒவ்வோர் உறையாய் உள்ளே தள்ளிப் பார்க்கிறேன்.
சுடும்போது பித்தளை வீங்கி
தான் இருந்த அறையின் வடிவை எடுத்துக்கொள்ளும்.
அவன் அறை என்னுடையதைவிட ஒரு மயிரிழை பெரிது.
கைப்பிடி ஒற்றை விரலுக்கு இறங்கினால் என்னுடையது.
உள்ளங்கை கேட்டால் அவனுடையது.
என்னுடையது அவன் அறைக்குள் போனால்
முரண்டு பிடிக்காது,
கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.

நூற்றுப் பதினெட்டு அவனுக்கு. தொண்ணூற்றைந்து எனக்கு.
ஒன்று மட்டும்
ஒருமுறை விரலுக்கு இறங்கிற்று, மறுமுறை மறுத்தது.
அதை ஜன்னல் கட்டையில் நிறுத்தி வைத்தேன்.

பிறகு கம்பி.
நுனி வளைத்த மெல்லிய கம்பியை உறைக்குள் விட்டு
அடியிலிருந்து மேலே இழுக்க வேண்டும்.
எங்கோ ஓரிடத்தில் நுனி சிக்கினால்
அங்கே சுவர் உள்ளுக்குள் தேய்ந்திருக்கிறது.
வெளியே ஒன்றும் தெரியாது.
அடுத்த சூட்டில், அல்லது அதற்கடுத்ததில், இரண்டாகும்.
அப்படி ஏழு.
மூன்று என்னுடையவை, நான்கு அவனுடையவை.
குறட்டால் நசுக்கிக் குப்பையில் போட்டேன்.

மிச்சத்தைக் கழுத்தளவில் அச்சிலிட்டு இறுக்கி
காலிப்பரில் வைத்தால்
எல்லாமே வளர்ந்திருக்கின்றன.
ஒவ்வொரு வெடிப்புக்கும் பித்தளை கொஞ்சம் முன்னே நகர்கிறது,
தடித்த அடியைவிட்டுக் கழுத்தை நோக்கி.
ஐம்பத்தொன்று புள்ளி ஒன்று எட்டு வரை பொறுக்கலாம்.
தாண்டினால் விளிம்பு அறையின் முடிவில் முட்டி மடங்கி
குண்டை விடாமல் கவ்வும்.
விடாதது உள்ளே அழுத்தமாய் ஏறும்.

பூட்டு, சுழற்று, கர்ர்ர், எடு.
ஐம்பது புள்ளி ஒன்பது மூன்று.
உள்விளிம்புக்கு இரண்டு திருப்பு, வெளிவிளிம்புக்கு ஒன்று,
நகத்தை ஓட்டிப் பார்.
பூட்டு, சுழற்று.
மஞ்சள் சீவல்கள் மேசையில், மடியில், சட்டை மடிப்பில்.
போன வருஷம் தீமிதி பார்க்கப் போனபோது
மாரியம்மன் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றியதும்
குதிகாலில் ஒன்று ஏறிற்று.
நெருப்பில் நடந்தவர்கள் சிரித்தபடி போனார்கள்.
நான்தான் நொண்டினேன்.

அவனுடையதையும் வெட்டினாயா என்று
அக்கா போனில் கேட்டாள்.
வெட்டினேன்.
கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது,
நிறுத்தத் தோன்றவில்லை.

சனிக்கிழமை. ஹோவிக் பக்கத்து மலையில் பனி இறங்காமல் நின்றது.
ஹடீடா பறவைகள் கத்தி முடிக்கட்டும் என்று
கள அதிகாரி ஃபூரி காத்திருப்பதுபோல் இருந்தது.
பக்கத்துப் பாயில் குபேன்.
ஐஸ்கிரீம் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினேன்:
நூற்றுப் பதினான்கு.

முதல் சூடு கணக்கில் சேராத சோதனைச் சூடு.
அதற்கு ஜன்னல் கட்டை உறையை வைத்திருந்தேன்.
போல்ட் கொஞ்சம் யோசித்து இறங்கியது.
எண்ணூறு மீட்டருக்கு அப்பால்
எட்டாம் வளையத்தில், நாலு மணி திசையில் விழுந்தது.
சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.
சூடான உறையைப் பொறுக்கி மறுபடி தள்ளிப் பார்த்தேன்.
ஒற்றை விரல்.

குபேன் டப்பாவைத் திறந்து ஒன்றை வெளிச்சத்தில் திருப்பினான்.
"எவ்வளவுக்கு வெட்டினே?"
சொன்னேன்.
காலிப்பரை எடுத்தான், என்னை நம்பாமல் அல்ல,
பழக்கத்தில்.
"கொஞ்சம் குட்டை," என்றான்.
"வளரும்," என்றேன்.

ஃபூரி சிவப்புக் கொடியை இறக்கினார்.
இருவரும் காதுகளை மூடிக்கொண்டோம்.