சாவிக்குப் பற்றுச்சீட்டு

ஹெர் ஸ்வைஃபெல் ஒவ்வொரு தை மாதமும்
அறுநூறு ஃபிராங்க் அனுப்புவார்.
கணக்குச்சீட்டில் நான் எழுதுவது ஒரே வரி:
அழைத்தால் வருவதற்கு.
ஏழு வருடம். ஒருமுறையும் அழைத்ததில்லை.

அவரிடம் நாலு துவக்கு.
மலையாட்டுக்கு ஒன்று,
தகப்பன் விட்டுப்போன கட்டைத் துவக்கு ஒன்று,
படைச்சேவை முடிந்து அவரோடே வீடு வந்தது ஒன்று,
ஞாயிறுகளில் வட்டப் பலகையைத் துளைக்கிற கைத்துப்பாக்கி.
எல்லாவற்றுக்கும் கடிதம் உண்டு, இலக்கம் உண்டு,
எண்ணெய்த் துணிகூடத் தனித்தனி.
"தீயணைப்பானும்தான் வைத்திருக்கிறேன்,
வீடு எரியவேண்டும் என்றா?" என்பார்.

கிளாருஸ் ஊரில் துவக்குக்காரருக்கு வக்கீல்
ஒரு தமிழ்ப் பெட்டை என்பது
என் மாமிக்கு இன்னும் செரிக்கவில்லை.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு முன்
யன்னலைச் சாத்துவார்கள்.
நான் அதைச் சட்டப்பிரிவு எண்ணோடு
பட்டப்பகலில் சொல்லிப் பிழைக்கிறேன்.

முதல் வருடம் அவருக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன்.
பெட்டகக் கதவின் உட்புறம் ஒட்டச் சொன்னேன்.
எதையும் தொடாதீர்கள்.
எதிலும் ஒப்பமிடாதீர்கள்.
யாரிடமும் பேசுமுன் என்னிடம் பேசுங்கள்.
நடந்த பிறகு படிப்பதற்கான அட்டை.
நான் நினைத்தது திருடனை,
குறி தவறிய குண்டை,
அயலவரின் முறைப்பாட்டை.

மாசி, ஒரு செவ்வாய், இரவு ஒன்றேமுக்கால்.
"அட்டையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.
என்ன நடந்தது?
"ஒன்றும் நடக்கவில்லை."

உட்புறம் ஒட்டிய அட்டையைக்
கதவு திறந்தால்தான் படிக்க முடியும்.

தொலைபேசியை வைக்காமல் லின்தால் வரை ஓட்டினேன்.
பனி கண்ணாடியில் சாய்வாக வந்தது.
நாயின் வயதைக் கேட்டேன், அதன் தாயின் பெயரைக் கேட்டேன்,
பாற்கட்டி இப்போது கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
நீதிமன்றத்தில் இப்படிக் கேட்டால்
நீதிபதி பேனாவை மூடிவிடுவார்.
அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்,
சாட்சிக் கூண்டில் நிற்பவர்போல, முழு வசனத்தில்.
அவர் குடும்பப் பெயருக்கு அவர் மொழியில்
சந்தேகம் என்று பொருள்.
சந்தேகத்தின் பலனைக் கொடு, கொடு என்று
வளைவுகளில் நான் யாரிடமோ வாதாடிக்கொண்டு போனேன்.

குசினி மேசையில் மார்க்ரித்தின் மூக்குக்கண்ணாடி
கால் மடக்காமல் கிடந்தது.
கார்த்திகையில் போனவர்.
"இவற்றை நீங்கள் கொண்டுபோக முடியுமா?"

முடியாது என்றேன்.
கைமாறினால் ஒப்பந்தம் வேண்டும், அனுமதி வேண்டும்,
ஓர் உதிரிப்பாகத்துக்கும் பிரிவு இருக்கிறது.
காலையில் பொலிசுக்கு நானே சொல்வேன்,
வைத்தியருக்கும்.
"காலையில்" என்றார் அவர்,
மிகத் தூரத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொல்வதுபோல.

சட்டத்தை மனதுக்குள் ஒருமுறை புரட்டினேன்.
சாவி ஆயுதம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

பெட்டகத்தை அவரே பூட்டினார்.
பால் கணக்கு எழுதும் தாளைக் கிழித்து
பெற்றுக்கொண்டேன், சாவி ஒன்று, என எழுதி
அவர் பக்கம் தள்ளினேன்.
"எதிலும் ஒப்பமிடாதீர்கள் என்றல்லவா அட்டையில்?"
அந்த இரவில் அவர் சிரித்தது அப்போது மட்டும்.
தேத்தண்ணி வைத்தேன். சீனி எங்கே என்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
நாய் என் சப்பாத்தின் மேல் தலை வைத்துத் தூங்கியது.
ஏழு மணிக்குத் தெருவில் பனி அள்ளும் வண்டி வந்தது.

நாலும் அந்தக் கிழமையே போய்விட்டன.
பெட்டகம் வெறுமை.
வியாழக்கிழமைகளில் நகரத்துக்கு வருகிறார், வைத்தியரிடம்,
சில வேளை என் அலுவலகப் படிவரை.

இந்தத் தையும் அறுநூறு வந்தது.
துவக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு என்று எழுதினேன்.
என் வரியையே திருப்பி அனுப்பியிருந்தார்:
அழைத்தால் வருவதற்கு.

பற்றுச்சீட்டின் என் பிரதி இழுப்பறையில்.
சாவியை அவர் கேட்கவில்லை.
என் வீட்டுச் சாவிக் கொத்தில் அது கிலுங்குகிறது,
ஒவ்வொரு இரவும் என் கதவைத் திறக்கும்போது
முதலில் கைக்கு வருவது அதுதான்.