எரிந்த சரிவில் ஏழாம் வகுப்பு

தீ அணைந்து ஒன்பதாம் நாள்.
கட்டபெட்டுக்கு மேலே, கறுத்த சரிவில்
இருபத்திரண்டு பேர், ஒரு குடம், ஒரு களைக்கொத்து.

தைலமரத்தடியில் தண்ணீர் ஊற்றினேன்.
மண் குடிக்கவில்லை;
சேம்பிலைமேல் போல உருண்டு நின்றது.
"மண்ணுக்குக் கோபம் மிஸ்" என்றாள் ஹில்டா.
எரிந்த இலையின் மெழுகு என்று சொல்ல வந்து
விட்டுவிட்டேன்.

புல்வெளிப் பக்கம் தோண்டினோம்.
நாலு விரல் ஆழத்தில்
சில்லென்று ஈரம், ஒரு மண்புழு,
வேரில் வெள்ளை முனை.
எல்லோரும் எழுதினார்கள்: புல் சாகவில்லை.

பெள்ளிராஜ் எழுதவில்லை.
அவன் அப்பா தீத்தடுப்புக் கூலி.
பச்சைத் தழையால் இரவெல்லாம் அடித்து
புருவமில்லாமல் வீடு வந்தவர்.

"அதுவும் முளைக்குமா மிஸ்?"

கொத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.
வாராவாரம் எண்ணிக்கொண்டு வா, என்றேன்,
எத்தனை முடி என்று.