ஊறுகாய் ஜாடியில் ஒரு குளம்

வெள்ளரி ஊறுகாய் தின்று தீர்த்த ஜாடி.
எமாயோகி ஆற்றோரம், உறைபனிக்கு முந்தைய ஞாயிறு,
முழங்கை நனைய லேலோ அள்ளி வந்தாள்:
இரண்டு விரற்கடை சேறு, பாசி,
ஒரு கொடி, பெயர் தெரியாத ஆறேழு துள்ளிகள்,
நத்தை.

மூடியை இறுக்கித் தாவெத் ஒட்டிய சீட்டு:
"திறக்கக் கூடாது. அப்பாவும்தான்."

தார்த்துவில் டிசம்பர்ப் பகல்
வருவதே போவதற்குத்தான்.
அந்தக் கொஞ்ச வெயிலுக்கும்
இலைநுனியில் குமிழ் கட்டும்.
அதை நத்தை மூச்சாக்கும்,
நத்தை கழித்ததைக் கொடி உண்ணும் என்று
எனக்கு விளக்கினாள் லேலோ, எட்டு வயது.
தலையாட்டினேன்.

நம்பவில்லை போலிருக்கிறது.

ஓர் இரவு, வெளியே மைனஸ் பதினெட்டு.
கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தது நத்தை,
கடை மூடிய பின் வந்தவனைப் போல.
மூடியைத் திருகினேன். சதகுப்பை வாசம் இன்னும் இருந்தது.
ரை ரொட்டி, நகக்கண் அளவு.
போட்டேன். பழையபடி மூடினேன்.

மூன்றாம் நாள் நீர் கலங்கிப் பாலானது.
ஐந்தாம் நாள் நத்தை விழுந்தது.
தாவெத் அழவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தான்
அடியில், பூஞ்சை போர்த்திய அந்தத் துணுக்கை.
வெகுநேரம் பார்த்தான்.
அன்றைக்குச் சூப்பில் உப்பு அதிகம் என்று மட்டும்
இருவரும் சொன்னார்கள்.

பிப்ரவரியில் அதுவாகவே தெளிந்தது.
காலி ஓட்டுக்குள்ளிருந்து துள்ளிகள், எண்ணி மாளாமல்.

ஃப்ரிட்ஜில் தொங்கும் கணக்கேட்டில்
பச்சைப் பென்சிலில் ஜாடியின் உயிர்கள்:
கொடி 1. பாசி நிறைய. துள்ளி நிறைய.
நத்தை 0.
கடைசி வரியில், அழித்தெழுதி, அழுத்தி:
அப்பா 1.