ஒரு மூச்சில் எண்ணுதல்

"ஒரு மூச்சில் எண்ணுங்கோ, ஒன்றிலிருந்து"
என்றா நரம்பு டொக்டர்.

இவருக்குச் சிரிப்பு வந்தது.
இருபத்தாறு வருசம் திருக்கடலூர்க் கரையில் மீன் கூறியவர்.
அறுக்குளா ஒன்றை ஆயிரத்தில் தொடங்கி
மூவாயிரத்து நானூறு மட்டும்
நிப்பாட்டாமல் ஏத்துவார்.
இடையில் மூச்சு வாங்கினால்
வாங்குறவன் யோசிக்கத் தொடங்கிவிடுவானாம்.

அன்றைக்கு முப்பத்தொன்று.
ஆடியில் இருபத்திரண்டு.
வாடை எழும்பின கிழமை
பதினாலில் நின்று
அடுத்த எண்ணை மறந்தவர் போல
என்னைப் பார்த்தார்.

முதலில் போனது வலது பெருவிரல்.
பிறகு சேர்ட் பொத்தான், சோத்துக் கோப்பை.
இப்போது மல்லாந்து படுக்க ஏலாது,
கதிரையில்தான் நித்திரை.
விடியத் தலையிடி.

"கடைசி விலையைச் சொல்லுங்கோ பிள்ளை" என்று கேட்டார்.
டொக்டர் இவருடைய செருப்பைப் பார்த்தா.
"இரவில மெஷின் போட்டால் கூடும்.
போடாட்டில் குறையும்.
எத்தினை மாதம் எண்டு
ஆராலயும் சொல்லேலாது ஐயா."
"அப்ப இது விலையில்லை" என்றார் இவர்,
"பேரம்."

மெஷின் கொழும்பிலிருந்து வந்தது,
வத்தளையில் ஒரு செத்த வீட்டிலிருந்து.
முகமூடி புதிது. வார் பழசு,
இன்னொரு தலையின் அளவுக்கு இழுபட்டிருந்தது.
அந்தம்மாவிடம் போனில் கேட்டேன்,
கேட்கக் கூடாது என்று தெரிந்தும்:
அவர் எத்தினை மாதம் போட்டவர்?
பதினெட்டு, என்றா.
அதையும் சேர்த்து வாங்கினது போல
கலண்டரில் பதினெட்டுத் தாள் எண்ணி வைத்தேன்.
இவருக்குச் சொல்லவில்லை.

கரண்ட் போகும் ஊர் இது.
கிண்ணியா நிஸ்தார்,
ஒரு நாள்கூட விலையில் ஒத்துப்போகாத மனிசன்,
ஐஸ் லொறியில் போட் பற்றரி கொண்டுவந்து இறக்கினார்.
காசு என்றதற்கு
"உங்கட ஆள் கூறினா குடுக்கிறன்,
நீங்க கூறினா வாங்கமாட்டன்" என்றார்.
முகமூடிக்குள் இவர் சிரிக்க
பக்கவாட்டால் காத்து சீறி
மெஷின் கத்தியது.

தொண்டையில் துளை போடுவதைப் பற்றியும்
டொக்டர் சொன்னா.
அது நீளுமாம். ஆனால்
நீளுவதை யார் தூக்குவது என்றும்
அவவே சொன்னா, நல்ல பிள்ளை.
இடக்கை விரல்களை இவர் மெல்ல மடக்கினார்.
கரையில் அதற்கு "விலை முடிஞ்சுது" என்று அர்த்தம்.
வீட்டில் என்ன அர்த்தம் என்று
நான் இன்னும் கேட்கவில்லை.

நாலு மணிக்கு வள்ளங்கள் வரும்.
இவருடைய இடத்தில் இப்போது
சதானந்தனின் மகன் கூறுகிறான்.
ஒரு தரம், இரண்டு தரம்,
நடுவில் இழுத்து மூச்சு வாங்குகிறான்.
கதிரையில் இவருடைய புருவம் சுருங்கும்.

போன கிழமை குசினிக்குள் நின்று
நானும் எண்ணிப் பார்த்தேன்.
நாப்பத்து மூன்று வந்தது.
களவெடுத்தவள் போல
குழாயைத் திறந்துவிட்டேன்.

இன்றைக்குக் கிளினிக்கில்
ஒன்பது.
டொக்டர் எழுதி முடிக்கும்வரை
நானும் மூச்சை எடுக்காமல் இருந்தேன்.
அவ மெதுவாக எழுதுகிறவ.