பாதி ஓடு

ஃபைலக்காவுக்குப் படகு வராத நாள்.
புழுதிக்குள் கடல் எந்தப் பக்கம் என்று
காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
குண்டு துளைத்த பழைய வங்கிச் சுவரின் மறைவில்
ஓடு கழுவிக்கொண்டிருந்தேன்,
பல் துலக்கும் பிரஷ்ஷால்.
கம்பெனிக் கணக்கில் நான் 'கிளீனர்'.

தெஸ்பினா ஒரு சில்லைத் தூக்கிப் பிடித்தாள்.
இது உடைந்ததல்ல, உடைத்தது என்றாள்.
அவள் நாட்டில் அந்தக் காலத்தில்
இரண்டு பேர் பிரியும்போது ஓட்டை முறித்து
ஆளுக்குப் பாதி கொண்டுபோவார்களாம்.
பிறகொரு நாள் மகனோ பேரனோ வந்து கதவைத் தட்டினால்
முகத்தைப் பார்ப்பதில்லை,
விளிம்பைப் பார்ப்பார்கள்.
பொருந்தினால் சோறு, படுக்கை, கைமாற்று.
பெயர் சிம்பொலோன்.

சிம்பலா? என்றேன்.
எங்கள் பக்கம் சிம்பல் என்றால்
தேர்தலுக்கு முன் அடுத்தவன் சுவரில் வரைவது.
அவள் சிரிக்கவில்லை.
அதே சொல்தான்.
'சின்' என்றால் சேர்த்து, 'பல்லெய்ன்' எறிவது.

சேர்த்து எறிதல்.
எனக்கு எங்கள் கண்டெய்னர் அறைதான் தெரிந்தது:
பதினோரு கட்டில்,
சில்ஹெட், கொல்லம், பெஷாவர், பரமக்குடி.
ஒருத்தன் விளிம்பும் இன்னொருத்தனுக்குப் பொருந்தாது.
ஆனாலும் சேர்த்துத்தான் எறிந்திருக்கிறார்கள்.

என்ன தோன்றியதோ,
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
பர்ஸைத் திறந்தேன்.
அடகுச் சீட்டு.
முத்தரசியின் வளையல் இரண்டு, பதினான்கு கிராம்,
ஏஜெண்டுக்குக் கட்டியது.
கடைக்காரர் ஸ்கேல் வைத்துத்தான் கிழித்தார்;
காகிதம் தன் போக்கில் கோணிக்கொண்டு போனது.
மறுபாதி அவர் இரும்புப் பெட்டியில்.

எழுத்தை அவளால் படிக்க முடியாது.
கிழிந்த ஓரத்தில் விரலை மெல்ல ஓட்டினாள்,
இதுதான், இதுவேதான் என்றாள்,
எண் எழுதிப் பையில் போடப்போகிறவள் போல.

தவணை போன ஆடியோடு முடிந்ததை
அவளிடம் எந்த மொழியில் சொல்ல?
ஏலம் விட்டிருப்பார்கள்.
இப்போது கொண்டுபோய் வைத்தாலும்
ஓரம் பொருந்தும்.
வளையல்தான் இருக்காது.

இந்த ஓட்டுக்காரன் திரும்பி வந்தானா? என்று கேட்டேன்.
தெரியாது, மறுபாதி உன் தொட்டியிலேயே கிடக்கலாம்
என்று சொல்லிவிட்டுத் தேநீர் வைக்கப் போனாள்.

இருட்டும்வரை
கழுவிய ஒவ்வொன்றையும் அதன் அருகே
வைத்து வைத்துப் பார்த்தேன்.
கிளீனர் சம்பளத்தில் சேராத வேலை.