குடும்பப் பெயர், கட்டாயம்

சயான் சர்க்கிளில் டிராவல்ஸ்காரர்
லேமினேட் செய்த அட்டையைத் திருப்பிக் காட்டினார்.
ஐந்து இரவு, ஆறு பகல்,
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவேளைச் சாப்பாடு,
கட்டில்மேல் துவாலையில் மடித்த அன்னம் இரண்டு.
ஆளுக்குத் தொண்ணூற்றெட்டாயிரம்.
அன்னத்தைக் கழித்துவிட்டால் எவ்வளவு என்று
ஜெரின் கேட்டான், நிஜமாகவே.
வெளியே வந்து ஒரு கரும்புச்சாற்றை
இரண்டாகப் பிரித்துக் குடித்தோம்.
நாமே பார்த்துக்கலாம் என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் தேனிலவு
இரவு பதினொன்றே இருபது ஸ்லோ வண்டியில் நடந்தது.
லிஃப்ட் கம்பெனியின் கிரீஸ் அவன் நகக்கண்ணில்,
ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ஸ்பிரிட் நெடி என் கையில்.
தாதரில் ஏறி, குர்லாவில் ஹனோய்,
விக்ரோலியில் ஹா லாங் வளைகுடா,
முலுண்டில் படகு வேண்டாம், விலை அதிகம்,
தாணேயில் நெட்வொர்க் போய்விடும்.
அடுத்து கல்வா, இறங்க வேண்டும்.

ஒரு நோட்டு போட்டோம்.
இடப்பக்கம் ரூபாய், வலப்பக்கம் டாங்.
முப்பத்தைந்தாயிரம் கொடுத்தால் கோடி டாங் வருகிறது.
சம்பளத்தை ஒருமுறை டாங்கில் எழுதிப் பார்த்தவன்
மறுநாள் முழுக்க
கோடீஸ்வரனாகவே லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருக்கிறான்.

விசா படிவம்தான் மடக்கியது.
குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம்,
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
எங்கள் பக்கம் குடும்பத்துக்கு ஏது பெயர்?
இருப்பது ஓர் எழுத்து, அதற்கொரு புள்ளி.
ஆ. குழலி.
ஞா. ஜெரின்.
அந்த எழுத்தைப் பிடித்து இழுத்தால்
உள்ளிருந்து முழு ஆள் ஒருவர் எழுந்து வருகிறார்,
மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தபடி.

டிக்கெட் வந்தது.
வருக ஆவுடையப்பன்.
வருக ஞானக்கண்.
இருபத்துமூன்று ஏ, இருபத்துமூன்று பி.

தாராவி தொண்ணூறடி ரோட்டில்
எதிரெதிர் வாசல் அவர்களுக்கு.
பில்டர் நீட்டிய சம்மதத் தாளில்
ஒருவர் கையெழுத்துப் போட்டார்,
ஒருவர் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.
பதினோரு வருடம் ஆயிற்று.
கட்டடமும் எழும்பவில்லை, பேச்சும் இல்லை.
பாந்த்ரா பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு
லிஃப்ட் கம்பெனி ஆட்கள் மூன்று பேர் சாட்சி.
எதிரெதிர் வாசல் இரண்டும் அன்று சாத்தியே கிடந்தன.

இப்போது பக்கத்துப் பக்கத்து இருக்கை.
ஏறும்போது என் அப்பாவுக்குக் காது அடைக்கும்.
அவன் அப்பா சட்டைப் பையில்
எப்போதும் புளிப்பு மிட்டாய் இருக்கும்.
கொடுப்பாரா, தெரியாது.

விடுதிக்கு நேரடியாக எழுதிக் கேட்டோம்.
பழைய ஹனோயில் ஏழு அறை மட்டும் உள்ள சின்ன விடுதி.
மதிப்பிற்குரிய ஞானக்கண், ஆவுடையப்பன்,
உங்களுக்குப் பெரிய கட்டில் ஒன்றா,
சின்னக் கட்டில் இரண்டா?
காட்கோபரில் சிரிக்கத் தொடங்கியவன்
பாண்டுப் வந்துதான் நிறுத்தினான்.
அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
ஒன்று போதும் என்று
நான்தான் தட்டி அனுப்பினேன்.

பிரிண்ட் எடுக்கத் தாராவிக்கே போனேன்.
கல்வாவில் பக்கம் ஐந்து ரூபாய், அங்கே இரண்டு;
இது ஜெரினிடம் சொன்ன காரணம்.
செராக்ஸ் கடை பிச்சைக்கனி அண்ணாச்சி
தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.
யாரு, நம்ம ஆவுடையப்பனா வெளிநாடு போறாரு?
ஆமா.
கூட?
அடுத்த வரிக்கு விரல் இறங்கியது, நின்றது.
ஏட்டி, ரெண்டு பேரும் ஒண்ணாவா?
ஆமா அண்ணாச்சி, அஞ்சு ராத்திரி.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
மூடியைத் தூக்கி இன்னொரு பிரதி எடுத்தார்,
நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
அதற்கு நான் காசு கொடுக்கவில்லை,
அவரும் கேட்கவில்லை.