பிரியும் இடம்

ஓட்டமாவடியில் கரண்ட் போன இரவு.
தோஹாவிலிருந்து வந்த பெட்டி,
நாலு சுற்று டேப்.
ஜெஸீமா கத்தி தேடவில்லை.

நுனியை நகத்தால் கிளப்பி
அட்டையோடு படிய இழுத்தாள், அசையவில்லை.
கையை நிமிர்த்தி இழுக்க
வந்தது. நின்றது. கிறீச்சென்று வந்தது.
நின்ற இடமெல்லாம் பசையில் ஒரு கோடு.
வெடுக்கென்றால் அட்டையின் தோலும் கூடவே.

பிறகுதான் கண்டாள்:
டேப்பும் அட்டையும் பிரிகிற மயிரிழையில்
நீலமாய் ஒரு வெளிச்சம்.
இழுத்தால் உண்டு, விட்டால் இல்லை.
ஒட்டிக் கிடந்த நீளமெல்லாம் வெறும் இருட்டு.

மூன்று சுற்று அப்படியே தீர்ந்தது,
பெட்டிக்குள் என்னவென்று யோசிக்காமலே.

கரண்ட் வந்தது.
சுருண்ட டேப்பில்
அவன் பெருவிரல் ரேகை, கொஞ்சம் மணல்,
செத்த எறும்பொன்று.

இன்னும் ஒரு சுற்று இருக்கிறது.
எழும்பிப் போய்
சுவிட்சை அணைத்தாள்.